ஒரு நாழிகை... ஒரு வருடம்!

ஏகாதசி விரதம் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. பசி எப்போது அதிகமாகத் தெரிகிறது? ஏகாதசியன்று மத்தியானமா, ராத்திரியா?

இரண்டும் இல்லை. துவாதசி காலையில்தான்! அகத்திக்கீரை வெந்தாயிற்று. நெல்லிக்காய்ப் பச்சடி அரைத்தாயிற்று. சுண்டைக்காயும் வதக்கியாயிற்று. இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தாயிற்று. 'இதோ, பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துவிடுகிறேன்' என்று போன வீட்டுக்காரர் மட்டும் இன்னும் வரவில்லை. செல்போனை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நேற்று முழுவதும் சமர்த்தாக இருந்த வயிறு, இப்போது இந்த அரை மணி நேரத்தில் படுத்துகிற பாடு இருக்கிறதே... அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஏன் அப்படி? ஏகாதசிப் பசிக்கு முடிவு உண்டு. நாளைக் காலை இத்தனை மணிக்குப் பாரணை என்று பஞ்சாங்கத்தில் அச்சாகி இருக்கிறது. முடிவு தெரிந்த பசியை மனசு தாங்கிக்கொள்கிறது. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பசிக்கு முடிவு தெரியாது. எரிவது வயிறு அல்ல, மனசு!

நம் இதழுக்கு வருகிற கடிதங்களைப் பிரிக்கும்போது ஒரு வார்த்தை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 'எப்போது?' என்பதே அந்த வார்த்தை. பெண்ணுக்கு எப்போது வரன் அமையும்? பிள்ளைக்கு எப்போது விசா வரும்? வழக்கு எப்போது முடியும்? 'என்ன செய்வது' என்று கேட்டு எழுதுகிறவர்கள் குறைவு. 'எப்போது' என்று கேட்கிறவர்களே அதிகம். கஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள், அதற்குத் தேதி தெரியாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதை விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 45 பேரைக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். திரையில் பாறைகள். சில பாறைகளுக்கு அடியில் பாம்பு. பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி சின்னதாக ஒரு மின் அதிர்ச்சி. எப்போது அதிகம் பதறினார்கள் தெரியுமா? அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்தபோது அல்ல. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான்! அடி விழும் என்று தெரிந்துவிட்டால் மனசு தயாராகிவிடுகிறது. விழுமா விழாதா என்பதுதான் வியர்க்க வைக்கிறது.

ஐம்புலன்களை அடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாக்கை அடக்குகிறோம். செவ்வாய், வெள்ளி உபவாசம் இருக்கிறோம். ஆனால், 'தெரிந்தே ஆக வேண்டும்' என்று மனசுக்குள் ஒரு பசி இருக்கிறதே, அதை விரதத்தில் சேர்த்திருக்கிறோமா?

அதைச் சேர்த்து விரதம் இருந்த ஒரு ராஜாவின் கதை ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாவது ஸ்கந்தத்தில் வருகிறது. அம்பரீஷ மகாராஜா. கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். உபன்யாசங்களில் சக்கரத்தாழ்வார் துர்வாசரைத் துரத்துகிற கட்டத்தை விஸ்தாரமாகச் சொல்வார்கள். நாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாபாகனின் பிள்ளை அம்பரீஷன். ஏழு தீவுகளும் அவன் ஆட்சியில். செல்வத்துக்கு அளவில்லை. ஆனாலும் மனசு முழுவதும் ஸ்ரீஹரியிடத்தில். தன் பட்டத்தரசியோடு சேர்ந்து ஒரு வருட காலம் துவாதசி விரதம் அனுஷ்டித்தான். கார்த்திகை மாதத்தில் அது நிறைவு பெறுகிறது. மூன்று இரவுகள் உபவாசம். யமுனையில் ஸ்நானம், மதுவனத்தில் பெருமாளுக்குத் திருமஞ்சனம், பூஜை. கொம்புக்குப் பொன்னும் குளம்புக்கு வெள்ளியும் பூட்டிய பசுக்களைத் தானம் செய்தான். வந்தவர்களுக்கெல்லாம் வயிறார அன்னம் இட்டான். அவர்களிடம் உத்தரவு பெற்றுக்கொண்டு, தான் பாரணைக்கு உட்காரப் போகிற நேரம்.

வாசலில் துர்வாச மகரிஷி!

"சுவாமி, தேவரீர் இன்று அடியேன் இல்லத்தில் அமுது செய்தருள வேண்டும்."

"ஆகட்டும் ராஜா. நதிக்குப் போய் அனுஷ்டானங்களை முடித்துவிட்டு வருகிறேன்."

போனவர் யமுனையில் இறங்கினார். பிரம்மத்தை தியானித்தபடி மூழ்கினார். அவ்வளவுதான், அவருக்கு நேரம் போனது தெரியவில்லை. இங்கே துவாதசி கரைந்துகொண்டிருக்கிறது. மீதி இருப்பது அரை முகூர்த்தம். முகூர்த்தம் என்பது 48 நிமிடம். அதில் பாதி, அதாவது ஒரே ஒரு நாழிகை.

ராஜாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். அழைத்த அதிதி உண்ணும் முன்னால் தான் உண்டால் அபசாரம். துவாதசி போவதற்குள் பாரணை செய்யாவிட்டால் ஒரு வருட விரதத்துக்கும் பங்கம். முனிவர் எந்த நிமிஷமும் வரலாம். வராமலும் போகலாம். ஆள் அனுப்பி அழைத்து வரச் சொல்லலாமா? தியானத்தில் இருப்பவரை, அதுவும் துர்வாசரை, யார் போய் எழுப்புவது?

இந்த மாதிரி நேரத்தில் நாமாக இருந்தால் இரண்டில் ஒன்று செய்வோம். 'வருகிறபோது வரட்டும்' என்று இலையில் உட்கார்ந்துவிடுவோம். அல்லது, 'விரதம் போனால் போகட்டும்' என்று தலையில் கை வைத்துக்கொண்டு விடுவோம். இரண்டுமே அடக்கம் போலத் தெரியும். உண்மையில் இரண்டுமே, அந்த இழுபறியை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான்.

அம்பரீஷன் என்ன செய்தான்? பக்கத்திலிருந்த வேதம் அறிந்தவர்களைக் கேட்டான். ஒரே ஒரு முறை கேட்டான். தீர்த்தம் மட்டும் பருகுவது உண்டதாகவும் ஆகும், உண்ணாததாகவும் ஆகும் என்பது சாஸ்திரம். பெருமாளை நினைத்துக்கொண்டு நீரைப் பருகினான். பிறகு பழையபடி முனிவர் வரும் வழியைப் பார்த்து நின்றான்.

இதில் இருக்கிற நயத்தைக் கவனியுங்கள். அந்த ஒரு வாய்த் தண்ணீர், விரதத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். முனிவர் அடுத்த நிமிஷமே வந்தாலும் அவருக்கு முன்னால் சாப்பிட்டதாக ஆகாது. ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் விரதம் கெடாது. அவர் எப்போது வருவார் என்று தெரியாமலே, எப்போது வந்தாலும் சரியாக இருக்கும்படி ஒரு காரியம்! (இன்றைக்கும் துவாதசி நேரம் முடியப் போகிறது, சமையல் ஆகவில்லை என்றால், துளசி தீர்த்தம் எடுத்துக்கொண்டு பாரணையை முடித்துவிட்டு, சாப்பாட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.)

துர்வாசர் வந்தார். ராஜா கைகூப்பி வரவேற்றான். தீர்த்தம் பருகிய விஷயம் முனிவருக்கு ஞானதிருஷ்டியில் தெரிந்துவிட்டது. உடம்பு நடுங்க, புருவம் நெரிய, கோபம் பொங்குகிறது. இந்த இடத்தில் பாகவதம் ஒரு சின்ன விவரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறது. முனிவர் நல்ல பசியில் இருந்தார் என்று!

எத்தனையோ காலம் தவம் இருந்தவர். அத்ரி - அனசூயையின் பிள்ளை. அப்பேர்ப்பட்டவர் ஏன் இடறினார்? என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரிந்தது. ஏன் நடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த 'ஏன்' என்ற இடம் காலியாக இருந்தது. 'ராஜா என்ற கர்வம், என்னை அவமதித்துவிட்டான்' என்று அதை அவரே நிரப்பிக்கொண்டார். எதிரே கைகூப்பி நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விளங்கியிருக்கும்.

நாம் துர்வாசரைக் குறை சொல்லக் கிளம்ப வேண்டாம். அவர் கோபத்துக்குப் பின்னால் பெருமாள் நடத்திய லீலை இருக்கிறது. ஆனால், வாட்ஸ்அப்பில் நாத்தனாருக்கு ஒரு செய்தி அனுப்புகிறோம். நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை. படித்தாள் என்பது தெரிகிறது. ஏன் பதில் போடவில்லை என்பது தெரியாது. அடுப்பில் பால் வைத்திருக்கலாம், பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கலாம். நாமோ பத்து நிமிஷத்துக்குள் பத்து வருஷத்துப் பழைய கணக்கையெல்லாம் எடுத்து அந்தக் காலி இடத்தை நிரப்பிவிடுகிறோம். கெட்ட பதிலாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது ஒரு பதில் வேண்டும் மனசுக்கு!

துர்வாசர் தன் ஜடையிலிருந்து ஒரு கற்றையைப் பிடுங்கி எறிந்தார். அக்னி போல ஒரு பூதம் கிளம்பியது. கையில் கத்தியோடு பூமி அதிர வருகிறது. ராஜா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. 'பெருமாளே, காப்பாற்று' என்று கூவியதாகவும் இல்லை. சும்மா நின்றான். ஸ்ரீஹரி எப்போதோ அவனுக்குக் காவலாகத் தந்திருந்த சுதர்சனச் சக்கரம் தானாக வந்தது. பூதத்தைச் சாம்பலாக்கியது. துர்வாசரைத் துரத்தியது.

மேருமலைக் குகை, கடல், ஆகாயம், சுவர்க்கம் என்று அவர் ஓடாத இடமில்லை. பிரம்மாவும் கைவிரித்தார், சிவபெருமானும் கைவிரித்தார். கடைசியில் வைகுண்டம். 'நான் என் பக்தர்களுக்குக் கட்டுப்பட்டவன், அந்த ராஜாவிடமே போம்' என்று திருப்பி அனுப்பினார் பெருமாள். வந்து காலில் விழுந்தார் மகரிஷி. பதறிப்போன அம்பரீஷன் சக்கரத்தைத் துதித்து, 'இவர் சுகப்படட்டும்' என்று வேண்டிக்கொண்டான். சக்கரம் தணிந்தது.

பெரும்பாலும் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் சுகப்பிரம்மம் இதற்குப் பிறகு, போகிற போக்கில் சொல்வது போல ஒன்று சொல்கிறார். துர்வாசர் ஓடிப் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு முழு வருடம் போய்விட்டதாம். அந்த ஒரு வருடமும் ராஜா சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டுமே ஆகாரம். அழைத்த அதிதி இன்னும் உண்ணவில்லையே!

துவாதசிக்காக ஒரு நாழிகை. அதிதிக்காக ஒரு வருடம்.

அவனுக்கு விரதம் எப்போதோ முடிந்துவிட்டது. பாரணையும் ஆகிவிட்டது. சாப்பிடு என்று சாஸ்திரமே அனுமதித்த நிலை. தன்னைக் கொல்லப் பார்த்தவருக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவர் திரும்பி வருவாரா என்பதே தெரியாது. வந்தாலும் எந்த மனநிலையில் வருவாரோ, அதுவும் தெரியாது. பஞ்சாங்கத்தில் இந்தப் பாரணைக்கு நேரம் போடவில்லை. முதல் வருட விரதத்தைவிட இந்த இரண்டாவது வருடம்தான் பெரிய விரதம் என்று எனக்குப் படுகிறது. முதலாவது, இரண்டாவதற்குப் பயிற்சியாக அமைந்துவிட்டது.

நம் தமிழும் இதையே சொல்கிறது. 'நோன்பு' என்ற சொல்லின் வேரில் இருப்பது பட்டினி அல்ல. பொறுத்துக்கொள்வது என்ற பொருள்தான் அதில் இருக்கிறது. 'நோன்மை' என்றால் பொறுமை; அதற்கே வலிமை என்றும் ஒரு பொருள் உண்டு. இன்னொன்றும் பாருங்கள். சங்க இலக்கியத்தில் முல்லைத் திணைக்கு உரிய ஒழுக்கம் 'இருத்தல்'. பிரிந்து போனவன் வரும்வரை ஆற்றியிருப்பது. அந்த முல்லை நிலத்துக்கு யார் தெய்வம்? மாயோன், நம் திருமால்! காத்திருத்தலுக்கும் ஏகாதசிப் பெருமாளுக்கும் அவ்வளவு பழைய உறவு.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகள்தான். போருக்குப் போன அரசனுக்காக அரசி காத்திருக்கிறாள். மழைக்கால மாலை. அவன் வருவானா என்று தெரிந்துகொள்ள, வயது முதிர்ந்த பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, தெய்வத்தைத் தொழுது, 'விரிச்சி' கேட்கப் போகிறார்கள். இன்று நாம் கோயிலில் பூ வைத்து உத்தரவு கேட்கிறோமே, அதற்குப் பாட்டி முறை இது. அங்கே ஓர் இடைக்குலப் பெண் குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நின்று, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுகளிடம், இதோ உங்கள் தாய்மார் வந்துவிடுவார்கள் என்று தேற்றுகிறாள். நல்ல வாக்கு கிடைத்துவிட்டது என்று முதிய பெண்கள் ஓடி வந்து சொல்கிறார்கள். அரசியின் கண்ணீர் நின்றதா? இல்லை! வந்த பதில், கேட்டவர்களைத்தான் சமாதானப்படுத்தியது. அவள் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள், கழன்ற வளையலைத் திருத்திக்கொள்கிறாள், பெருமூச்சு விடுகிறாள், மறுபடி தேற்றிக்கொள்கிறாள்.

ஜோசியமும் பூ கேட்பதும் கூடாது என்று சொல்ல வரவில்லை. அம்பரீஷனும் தெரிந்தவர்களைக் கேட்டான் அல்லவா? ஆனால் ஒரு முறை கேட்டான், கேட்டபடி செய்தான். மூன்றாவது ஜோசியரிடம் போகிறவர், முதல் இருவர் சொன்னதைக் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். இரண்டாம் நாளே தரகருக்கு நாலு போன், மாப்பிள்ளையின் அத்தைக்கு ஒரு போன். வந்திருக்க வேண்டிய நல்ல பதிலே அந்த அவசரத்தில் கெட்டுப் போவதைப் பார்த்திருக்கிறோம்.

சில காத்திருப்புகள் இதைவிடக் கொடுமையானவை. மார்பில் ஒரு சின்னக் கட்டி. டாக்டர் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, 'வியாழக்கிழமை வாருங்கள் அம்மா' என்கிறார். இன்றைக்குத் திங்கள். அந்த மூன்று ராத்திரிகளைப் பற்றிப் பேசும்போது 'பெருமாள் பார்த்துக்கொள்வார்' என்று ஒரு வரியில் கடந்து போக எனக்கு மனசு வரவில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டியைப் பார்த்த பிறகும் டாக்டரிடம் போகாமல், 'ஒன்றும் இருக்காது' என்று தள்ளிப்போடுவது பொறுமை இல்லை. அதுவும் தெரியாமையைக் கண்டு ஓடுவதுதான். போவது, சோதனை செய்துகொள்வது... இது அம்பரீஷன் பருகிய தீர்த்தம். முடிவு எதுவாக இருந்தாலும் தப்பாகாத காரியம். அதற்குப் பிறகு ராத்திரி 2 மணிக்கு இன்டர்நெட்டைத் திறந்து உட்காருவது இருக்கிறதே, அங்கேதான் அடக்கம் வேண்டியிருக்கிறது. போனைப் பக்கத்து அறையில் வைக்கலாம். அக்காவையோ தங்கையையோ இரண்டு நாள் வந்து கூட இருக்கச் சொல்லலாம். செவ்வாய்க்கிழமைக் கோலத்தை செவ்வாய்க்கிழமை போடலாம். பயம் போய்விடாது. அரசியின் கண்ணீர்கூடத்தான் நிற்கவில்லை. வளையலைத் திருத்திக்கொண்டாளே!

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அம்பரீஷனைப் பார்த்துத் தண்ணீர் உபவாசத்தில் இறங்கிவிட வேண்டாம். டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழமோ கஞ்சியோ எடுத்துக்கொண்டு இருந்தாலும் பெருமாள் விரதமாகவே ஏற்றுக்கொள்வார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 'பொறுத்துக்கோ, அடக்கமாய் இரு' என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது யாரிடம்? வீட்டிலேயே குரல் குறைந்தவளிடம்தான், பெரும்பாலும் மருமகளிடம். பாகவதம் அப்படிச் சொல்லவில்லை. அங்கே அடங்கி நின்றவன் ஏழு தீவுகளுக்கும் ராஜா. எதிராளியை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடியவன். கையில் பலம் இருக்கிறவன் காட்டுகிற நிதானத்துக்குத்தான் அங்கே அடக்கம் என்று பெயர். அடி வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதற்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

சக்கரத்தாழ்வார் சந்நிதிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கும்பகோணம் சக்கரபாணி கோயிலிலும், மதுரைக்குப் பக்கத்தில் திருமோகூரிலும் அவர் விசேஷம். பல சந்நிதிகளில் முன்னால் சக்கரத்தாழ்வாரைச் சேவித்துவிட்டு, பின்பக்கம் போனால் யோக நரசிம்மர் எழுந்தருளியிருப்பார். முன்னால் சுழல்கிற சக்கரம், அதன் முதுகிலேயே காலை மடக்கி யோகப் பட்டம் கட்டி அமர்ந்த திருக்கோலம். அடுத்த முறை போகும்போது, 'என் எதிரி ஒழியணும்' என்று கேட்டுவிட்டு வேகவேகமாகப் பிரதட்சிணம் செய்யாமல், அந்த நரசிம்மருக்கு முன்னால் ஒரு நிமிஷம் அதிகம் நின்று பாருங்கள்.

சரி, அந்தச் சாப்பாடு என்ன ஆயிற்று? சக்கரம் தணிந்ததும் ராஜா முனிவரின் பாதங்களைப் பிடித்து, உள்ளே அழைத்துப் போய், அறுசுவையோடு அமுது படைத்தான். துர்வாசர் திருப்தியாகச் சாப்பிட்டார். ஒரு வருடத்துப் பசி அல்லவா! சாப்பிட்டு முடித்து, "ராஜா, நீயும் சாப்பிடு" என்று அன்போடு சொன்னார். அவர் விடைபெற்றுப் போன பிறகுதான் அம்பரீஷன் மீதியிருந்த அன்னத்தைப் புசித்தான்.

அவனோடு சேர்ந்து விரதம் இருந்த பட்டத்தரசி அந்த ஒரு வருடமும் சாப்பிட்டாளா என்று பாகவதம் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா, என்ன?